'ஷட் அப் கிட்டி' முதல் 'சும்மா இரு புள்ள' வரை: தமிழ் டிவியில் துப்பறியும் மனைவி எங்கே?

குமாரபாளையத்தில் இரவு எட்டரை மணி. சந்தில் இன்னும் ரெண்டு பட்டறையில் தறிச் சத்தம் ஓயவில்லை. தார் சுற்றி முடித்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்கிறார் ஒரு பெண்மணி. சீரியலில் யாரோ பாலில் எதையோ கலந்துவிட்டார்கள். யார் கலந்தது என்று கதாநாயகிக்குத் தெரியாது. அவள் கணவனுக்குத் தெரியாது. போலீஸுக்கும் தெரியாது. இந்தப் பெண்மணிக்கு மட்டும் முதல் விளம்பர இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

"ஏனுங்க, சின்ன மருமகதானுங்க கலந்திருக்கா. டம்ளரை முந்தானையால புடிச்சா பாருங்க."

"சும்மா இரு புள்ள, பாக்க விடு" என்கிறார் கணவர்.

நாலு நாள் கழித்து சீரியல் அதைத்தான் சொல்லும். முந்தானை, டம்ளர், சின்ன மருமகள். 'நீ அன்னைக்கே சொன்னியே' என்று யாரும் அவரிடம் சொல்லப்போவதில்லை.

இது எந்தத் தெருவிலும் எந்த வீட்டிலும் நடக்கிற காட்சிதான். ஆனால் இதே காட்சியை அப்படியே எடுத்து, பாலுக்குப் பதில் ஒரு பிணத்தைப் போட்டு, 'சும்மா இரு' என்ற பதிலுக்குப் பதில் 'அட, ஆமாம்ல' என்று கணவரைச் சொல்ல வைத்தால், உலகத் தொலைக்காட்சியின் பழைய நகைச்சுவை வகைகளில் ஒன்று கிடைத்துவிடும். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து துப்பறிகிற காமெடி. அது தமிழுக்கு வந்ததா? பாதி வந்தது. மீதிப் பாதி எங்கே போனது என்பதுதான் கேள்வி.

ஒரு கோடைக்காலம் மட்டும்

முதலில் அந்த வகை எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். 1934-ல் டாஷியல் ஹேமட் எழுதிய 'தி தின் மேன்' நாவலில் நிக் சார்ல்ஸ் என்று ஒரு ஓய்வுபெற்ற துப்பறிவாளர். மனைவி நோரா பணக்காரி. நிக்குக்கு வேலையே பார்க்க இஷ்டமில்லை, குடித்துக்கொண்டு ஜாலியாக இருக்க வேண்டும். நோராவுக்கோ கொலை வழக்கு என்றால் கண்ணில் வெளிச்சம் வந்துவிடும். அவள்தான் அவரை இழுத்துவிடுவாள். அதே ஆண்டு வில்லியம் பவல், மிர்னா லாய் நடிப்பில் படமாக வந்து ஓடு ஓடென்று ஓடியது. 1947 வரை மொத்தம் ஆறு படங்கள்.

டிவி வந்ததும் இந்த ஜோடியை விடுவார்களா? 1950 கோடையில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 'டிடெக்டிவ்ஸ் ஒய்ஃப்' என்று ஒரு சிட்காமை ஒளிபரப்பியது. கணவர் தனியார் துப்பறிவாளர், சின்னச் சின்ன வழக்குகள் போதும் என்று நினைப்பவர். மனைவி அவரைக் கொலை வழக்குகளுக்குள் தள்ளிவிடுபவர். லின் பாரியும் டொனால்ட் கர்ட்டிஸும் நடித்தார்கள். கோடை முடிந்தது, நிகழ்ச்சியும் முடிந்தது. 1952-ல் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் நார்த்' வந்தது. கணவர் பதிப்பாளர், மனைவி பாம் எங்கே போனாலும் ஒரு பிணத்தின் மேல் தடுக்கி விழுபவர். அது 1954 வரை தாக்குப்பிடித்தது. நிக், நோரா ஜோடியையே டிவிக்குக் கொண்டுவந்த தொடர் 1957-ல் என்பிசியில் தொடங்கி 72 எபிசோடுகளில், இரண்டே சீசன்களில் முடிந்துபோனது.

கவனித்தால் ஒன்று தெரியும். இந்த வகை நிகழ்ச்சிகள் பலவும் அற்பாயுசு. இங்கிலாந்திலும் அதே கதைதான். அகதா கிறிஸ்டி 1922-லேயே உருவாக்கிய டாமி, டப்பன்ஸ் ஜோடியை 2015-ல் பிபிசி ஆறு எபிசோடுகளாக எடுத்தது. அதோடு சரி, இரண்டாவது சீசன் வரவில்லை. பாய்ரோவுக்கும் மிஸ் மார்பிளுக்கும் கிடைத்த ஆயுள் இந்தத் தம்பதிக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் கிறிஸ்டியின் நாயகர்களில் புத்தகத்துக்குப் புத்தகம் ஒழுங்காக வயது ஏறியவர்கள் இவர்கள்தான். இளைஞர்களாக ஆரம்பித்து தாத்தா பாட்டி ஆகிறவரை துப்பறிந்தார்கள்.

நீண்ட நாள் ஓடிய விதிவிலக்குகளும் உண்டு. அதில் ஒன்று சொல்லும் பாடம் ரொம்ப சுவாரசியமானது. 1971-ல் தொடங்கிய 'மெக்மில்லன் அண்ட் ஒய்ஃப்' தொடரில் ராக் ஹட்சன் சான் பிரான்சிஸ்கோ போலீஸ் கமிஷனர். மனைவியாக சூசன் செயின்ட் ஜேம்ஸ். ஐந்து சீசன் நன்றாக ஓடியது. 1976-ல் சூசன் விலகினார். கதையில் அவரது பாத்திரத்தை விமான விபத்தில் சாகடித்து, தலைப்பிலிருந்தும் 'ஒய்ஃப்' என்பதை எடுத்துவிட்டு, வெறும் 'மெக்மில்லன்' என்று தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டே இழுத்து மூடினார்கள். கமிஷனர் அப்படியேதான் இருந்தார். வழக்குகளும் இருந்தன. வீட்டுக்கு வந்து யாரிடம் வழக்கைச் சொல்வது என்பதுதான் இல்லாமல் போனது.

சாம்பு இருந்தார், தலைப்பில் வேம்பு இல்லை

தமிழுக்கு வருவோம். துப்பறியும் காமெடி என்றதும் நினைவுக்கு வருவது ஒரே பெயர். தேவன் என்ற புனைபெயரில் எழுதிய ஆர். மகாதேவன், ஆனந்த விகடனில் 1940-களில் படைத்த 'துப்பறியும் சாம்பு'. திருவிடைமருதூரில் 1913-ல் பிறந்த தேவன், விகடனின் நிர்வாக ஆசிரியராக இருந்து 1957-ல் மறைந்தவர். அவருடைய சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா, அசடு. ஏதோ ஒரு அசட்டுத்தனம் பண்ணுவார், அது நேராகப் போய்க் குற்றவாளியின் மடியில் விழும். ஊர் முழுக்க 'என்ன மூளை, என்ன மூளை' என்று கொண்டாடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் உட்பட. வீட்டில் மனைவி வேம்பு.

இந்தக் கதைகள் தூர்தர்ஷனில் தொடராக வந்தன. சாம்புவாக நடித்தவர் காத்தாடி ராமமூர்த்தி. சோவின் நாடகத்தில் ஏற்ற வேடத்தின் பெயரே பட்டமாக ஒட்டிக்கொண்ட மேடை நடிகர். அசட்டுத்தனத்தை முகத்தில் வைத்துக்கொண்டே கௌரவமாக நடப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். தமிழில் 'கல்யாணமான துப்பறிவாளர், காமெடி, டிவி' என்ற மூன்று கட்டத்திலும் டிக் அடிக்கிற நிகழ்ச்சி இதுதான். நாலாவது கட்டம், அதாவது மனைவியும் துப்பறிகிறாள் என்பது, காலி. தேவனின் உலகத்தில் தவறிப்போய்க்கூட மூளைக்கான பாராட்டு சாம்புவுக்குத்தான். அசடாக இருந்தாலும் ஆண் அசடு.

இதைத் தேவன் மீது குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1940-களின் பத்திரிகைக் கதை அது. ஆனால் அந்தக் காலி கட்டத்தை அதற்குப் பிறகு வந்தவர்களும் நிரப்பவில்லை என்பதுதான் விஷயம்.

குமாரபாளையத்துக்கு எது வந்தது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. காவிரிக் கரையில், பவானிக்கு எதிர்க்கரையில் இருக்கிற குமாரபாளையத்துக்கு அதனால் அன்றைக்கே ஒன்றும் வந்துவிடவில்லை. அப்போது இந்த ஊர் சேலம் மாவட்டம்; நாமக்கல் மாவட்டம் பிரிந்ததே 1997-ல்தான். 1983-ல் இன்சாட்-1பி மேலே போனது. 1984-லிருந்து நாடு முழுக்கக் குறைந்த திறன் டிரான்ஸ்மிட்டர்களை மளமளவென்று வைத்தார்கள். அந்த டிரான்ஸ்மிட்டர்கள் எடுத்துக் கொடுத்தது டெல்லி நிகழ்ச்சிகளை. சென்னை நிகழ்ச்சிகளை அல்ல. மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, புள்ளிப் புள்ளியாகத் தெரியும் திரையில், கொங்கு நாட்டுச் சின்ன ஊர்கள் பல முதலில் பார்த்தது இந்திதான். புரிந்தவரை பார்த்தார்கள்.

அப்படி வந்தவர்தான் 'கரம்சந்த்'. 1985-ல் பங்கஜ் பராசர் இயக்கத்தில் பங்கஜ் கபூர் நடித்த துப்பறியும் காமெடி. கேரட்டைக் கடித்துக்கொண்டே யோசிப்பார். உதவியாளர் கிட்டியாக சுஷ்மிதா முகர்ஜி. மனைவி இல்லை, உதவியாளர்தான். ஆனால் அந்த ஜோடியைத்தான் மக்கள் ரசித்தார்கள். அந்த நிகழ்ச்சியிலிருந்து நாற்பது வருடம் கழித்தும் நினைவில் நிற்பது என்ன? கரம்சந்த் கண்டுபிடித்த எந்தக் கொலையும் இல்லை. 'ஷட் அப் கிட்டி' என்ற வசனம். கிட்டி ஏதாவது கேட்பாள், சொல்வாள், அவர் வாயை மூடு என்பார், சிரிப்புச் சத்தம். இந்தி தெரியாத ஊரிலும் பள்ளிக்கூடப் பையன்களுக்கு அது மட்டும் புரிந்தது. மொழிபெயர்ப்பே தேவைப்படாத வசனம். வீட்டில் ஏற்கெனவே கேட்டதுதானே.

1993-ல் பாசு சட்டர்ஜி எடுத்த 'பியோம்கேஷ் பக்ஷி' வந்தது. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய 1932-லிருந்து எழுதிய கதைகள். ரஜித் கபூர் பியோம்கேஷ், கே.கே. ரைனா நண்பர் அஜித். பியோம்கேஷ் ஒரு வழக்கில் சத்தியவதியைச் சந்திக்கிறார், பிறகு கல்யாணம் செய்துகொள்கிறார். இந்தியத் துப்பறிவாளர்களில் குடும்பஸ்தர் என்று பெயரெடுத்தவர் அவர். தன்னைத் துப்பறிவாளர் என்று அழைப்பதைவிட 'உண்மையைத் தேடுபவன்' என்று சொல்லிக்கொள்வார். கட்டிக்கொண்ட பெண்ணின் பெயரிலேயே சத்தியம் இருக்கிறது! ஆனாலும் வழக்கைப் பேச அவருக்குத் துணை அஜித்தான். சத்தியவதி பெரும்பாலும் வீட்டுப் பக்கம். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் இதை மறுஒளிபரப்பு செய்தபோது புதிதாகப் பார்த்த தலைமுறைக்கும் இது கண்ணில் பட்டிருக்கும்.

பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய ஜோடி

டிவியில் காலியாக இருந்த அந்த நாலாவது கட்டம், பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமாரின் க்ரைம் பிராஞ்ச் அதிகாரி விவேக், அவர் மனைவி ரூபலா. சேலத்துக்கு பஸ் ஏறும்போது ஒரு 'க்ரைம் நாவல்' வாங்கினால் இறங்குவதற்குள் முடிந்துவிடும். கொலைக்கு நடுவே விவேக்கும் ரூபலாவும் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொள்கிற பக்கங்கள் வரும். அந்தப் பக்கங்களுக்காகவே படித்தவர்கள் உண்டு. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி என்று பக்கத்திலேயே இன்னும் ரெண்டு ஜோடிகள் தொங்கின. அவர்கள் தொழில் கூட்டாளிகள், காதலர்கள். கல்யாணமாகியும் கேலி தீராத ஜோடி என்றால் அது விவேக் - ரூபலாதான். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பிரம்மச்சாரிகள், அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆக, கதை இல்லை என்று தமிழ் டிவி சொல்ல முடியாது. வாசகர் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1980-களிலும் 90-களிலும் பாக்கெட் நாவல் எப்படி விற்றது என்று அந்தக் காலத்துப் பெட்டிக்கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் கொஞ்சம் வயிறு எரிகிறது. 1990-களில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் இரண்டு தொடர்களைத் தந்தது. ஒன்று, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்'. இன்னொன்று, கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி என்று வைத்து எடுத்த 'ரமணி வெர்சஸ் ரமணி'. முதலாவது மர்மம், தமிழ்நாட்டுக் குழந்தைகள் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தது. இரண்டாவது தம்பதி காமெடி, மேடை நாடக வாடை இல்லாத, அசல் வீட்டுச் சண்டை மாதிரி இருந்த சிட்காம். ரெண்டுக்கும் பெயர் சொல்லும் இயக்குநர் ஒருவரே: நாகா. 'விடாது கருப்பு'வில் நடித்த தேவதர்ஷினியும் சேத்தனும் பிறகு நிஜத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். அதே தேவதர்ஷினி 'ரமணி வெர்சஸ் ரமணி'யின் இரண்டாம் பாகத்தில் மனைவி ரமணி.

ஒரே நிறுவனம், ஒரே இயக்குநர், ஒரே நடிகை. ஒரு டிராயரில் மர்மம், இன்னொரு டிராயரில் தம்பதி. ரெண்டையும் ஒன்றாகத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ரமணியும் ரமணியும் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு பிணத்தைப் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே சிரிப்பு வருகிறது.

பக்கத்து ஊர் சிஐடி

இந்த மண்ணுக்குத் துப்பறியும் கதை ஒன்றும் புதிதும் கிடையாது. குமாரபாளையத்துக்குப் பக்கத்துத் திருச்செங்கோட்டுக்காரர்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர். சுந்தரம். 1963-ல் அவர் மறைந்த பிறகு, அதே நிறுவனம் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று வரிசையாகத் துப்பாக்கிப் படங்கள் எடுத்தது. 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' பட்டம் அப்படித்தான் நிலைத்தது. இதில் ஒரு வேடிக்கை. 1970-ல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' படத்தில் சிஐடி, ஜெய்சங்கர். ஆனால் அந்த மூன்றெழுத்து கடைசிவரை ஒட்டிக்கொண்டது கதாநாயகி சகுந்தலாவின் பெயரோடு. 2024-ல் அவர் மறைந்தபோதும் செய்திகளில் 'சி.ஐ.டி. சகுந்தலா' என்றுதான் போட்டார்கள். பட்டம் மட்டும் கிடைத்தது. அந்தப் பட்டத்துக்கேற்ற தொடர் ஒன்றை ஒரு பெண்ணுக்குக் கொடுக்கத் தமிழ் டிவிக்கு அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு இருந்தது.

அப்போ சீரியல் நாயகி யார்?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். தமிழ் மெகா சீரியல் முழுக்கப் பெண்கள்தானே, அவர்கள் கண்டுபிடிக்காததா என்று. உண்மைதான். ஒரு சராசரி சீரியல் நாயகி ஒரு வருடத்தில் பார்க்கிற வேலையைப் பட்டியல் போட்டால் ஷெர்லாக் ஹோம்ஸ் வெட்கப்படுவார். போலிப் பத்திரத்தைக் கண்டுபிடிக்கிறாள். மருந்து மாற்றப்பட்டதைக் கண்டுபிடிக்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்று வாக்குமூலத்தைக் கேட்கிறாள். செல்போனில் பதிவு செய்கிறாள். ஆள்மாறாட்டத்தைப் பிடிக்கிறாள். தமிழ் டிவியில் தினமும் துப்பறிகிறவள் அவள் ஒருத்திதான். அதை யாரும் துப்பறிதல் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். 'குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள்' என்பார்கள்.

நோராவுக்கும் இந்த நாயகிக்கும் புத்தியில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் கணவனிடம் இருக்கிறது. நோரா ஒரு சந்தேகத்தைச் சொன்னால் நிக் கேலி செய்வார், ஆனால் போய்ப் பார்ப்பார். சீரியல் நாயகி சொன்னால் கணவன் நம்பமாட்டான். 'எங்க அண்ணியைப் பத்தித் தப்பா பேசாதே' என்பான். பதிவு செய்த செல்போன் தண்ணீரில் விழும். அவன் நம்பாமல் இருப்பதில்தான் அடுத்த இருநூறு எபிசோடு இருக்கிறது.

இதைத் தயாரிப்பாளர்களின் கெட்ட எண்ணம் என்று பார்த்தால் பாதிதான் புரியும். கணக்கும் இருக்கிறது. 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. வாரம் முழுக்க, வருடக் கணக்கில் ஒரு கதையை இழுக்க வேண்டுமென்றால் அதற்கு எரிபொருள் வேண்டும். கணவன் மனைவிக்கு இடையிலான சந்தேகம் தீராத எரிபொருள். ஒருவரை ஒருவர் நம்புகிற தம்பதியை வைத்தால் பாலில் கலந்தது யார் என்பது அன்றைக்கு இரவே தெரிந்துவிடும். அப்புறம் மறுநாளைக்கு என்ன காட்டுவது? துப்பறியும் தம்பதி என்பது வாரம் ஒரு கதை, கதைக்கு ஒரு முடிவு என்ற அளவுக்கான சட்டை. தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரம் என்று அனுமதி கொடுப்பார்கள். அந்த அளவு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். தனியார் சேனல்கள் வந்து, தினசரித் தொடர் பழக்கமானதும், அந்த அளவுச் சட்டை தைப்பதையே நிறுத்திவிட்டார்கள். நிக் - நோராவுக்கே அமெரிக்காவில் இரண்டு சீசன்தான் என்பதும் இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் கணக்கு மட்டும் காரணம் என்று விட்டுவிடவும் முடியாது. வாராந்தரக் காமெடிக்கு இடம் இருந்த காலத்திலும் அந்த நாலாவது கட்டம் காலியாகத்தான் இருந்தது. 'ரமணி வெர்சஸ் ரமணி' அதற்குச் சாட்சி. மனைவி சொல்வதைக் கேட்கிற கணவன் என்றால் தமிழ் காமெடியில் அவனுக்கு ஒரே அர்த்தம்தான்: பொண்டாட்டிக்குப் பயந்தவன். பூரிக்கட்டை ஜோக்குகளின் நாயகன். 'அவ சொன்னா சரியா இருக்கும், போய்ப் பார்ப்போம்' என்று சாதாரணமாக, பயமில்லாமல், சிரித்துக்கொண்டே சொல்கிற ஆண் பாத்திரத்தை எழுதுவது தமிழ் டிவிக்குக் கஷ்டமாகவே இருந்திருக்கிறது. இந்த வகை நிகழ்ச்சி வேண்டும் என்பதற்கு முதல் காரணம் கொலையோ காமெடியோ இல்லை, அந்த ஆண்தான்.

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் அவன் அப்படியொன்றும் அபூர்வப் பிறவி கிடையாது. விசைத்தறியில் புருஷன் தறி ஓட்ட, பொண்டாட்டி தார் சுற்றுவது பல வீடுகளில் ஒரே சம்பாத்தியம். எத்தனை மீட்டர் ஓடியது, எங்கே பாவு அறுந்து வேலை நின்றது, வாங்கின அட்வான்ஸில் எவ்வளவு கழிந்தது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பது பல வீடுகளில் மனைவிதான். கூலியில் நூறு ரூபாய் குறைந்தால் எந்த வாரத்தில், எந்தத் துண்டில் குறைந்தது என்று அவர் கண்டுபிடிப்பார். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய்க் கேட்பவர் கணவர். வீட்டுக்குள் இது தினசரி நடக்கிற கூட்டுத் துப்பறிதல். அந்த விஷயத்தில் யாரும் 'சும்மா இரு புள்ள' என்று சொல்வதில்லை, ஏனென்றால் காசு. டிவி முன்னால் வந்து உட்கார்ந்ததும்தான் அந்த வார்த்தை வருகிறது. முப்பது வருடமாக அந்தத் திரை எதைக் காட்டுகிறதோ அதை.

இப்போது எடுக்கலாமா?

தாராளமாக. முன்பு தடையாக இருந்த கணக்கு இன்று தலைகீழாக இருக்கிறது. ஓடிடியில் எட்டு எபிசோடு, பத்து எபிசோடு என்பதுதான் வழக்கம். அற்பாயுசு அங்கே குறையே இல்லை, அதுதான் அளவு. தமிழ் ஓடிடி க்ரைம் தொடர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் துப்பறிகிற ஆண் தூங்காதவர், தாடி வைத்தவர், குடும்பம் உடைந்தவர். மழை பெய்துகொண்டே இருக்கும். யாரும் சிரிப்பதில்லை. விவேக் - ரூபலா உரிமையை வாங்கி, கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு, பவானி, குமாரபாளையம் என்று இந்தப் பக்கத்திலேயே கதையை வைத்து, கொலையைக் கண்டுபிடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு புரோட்டாக் கடையில் 'நான்தான் முதல்ல சொன்னேன்' என்று சண்டை போடுகிற ஜோடியாக எடுத்தால் பார்க்க ஆள் இருக்கும். ரூபலாவைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். பழைய பாக்கெட் நாவலில் இருந்த அளவு இடம் இன்றைக்குப் போதாது. பாதி வழக்கு அவளுடையதாக இருக்க வேண்டும். அவளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெக்மில்லன் இருக்கிறார்.

இன்னொரு வேலை அரசாங்கத்துடையது, அது இதைவிட அவசரம். பழைய நிகழ்ச்சிகள் நாடாவில் இருந்தன. நாடா நிரந்தரம் கிடையாது, பூஞ்சை பிடிக்கும், ஓட்டுகிற இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகம் கிடைக்காது. செலவை மிச்சம் பிடிக்க பழைய நாடாவிலேயே புதியதைப் பதிவு செய்வது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. பிபிசியே 'டாக்டர் ஹூ'வின் 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகளை அப்படித் தொலைத்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஓடிடியைத் தொடங்கியபோது ராமாயணம், மகாபாரதம் என்று பழைய புதையலைத்தான் முன்னால் வைத்து விளம்பரம் செய்தது. அதே 2024 ஜனவரியில் பொதிகை 'டிடி தமிழ்' என்று பெயர் மாறிப் புதுப்பொலிவு பெற்றது. பெயர்ப் பலகைக்குச் செலவழித்த கையோடு, சென்னை நிலையம் 1975-லிருந்து எடுத்த தமிழ் நாடகங்கள், தொடர்களில் எவை எவை நாடாவில் மிஞ்சியிருக்கின்றன என்று ஒரு பட்டியலை வெளியிட்டால் என்ன? முழுவதையும் டிஜிட்டல் ஆக்க வருடங்கள் ஆகலாம். பட்டியலுக்கு அவ்வளவு நாள் ஆகாது. அந்தப் பட்டியலில் 'துப்பறியும் சாம்பு' எத்தனை எபிசோடு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பியும் சென்னை சிக்காத ஊர்க்காரர்களுக்கு, காத்தாடி ராமமூர்த்தியின் அந்த அசட்டு முகத்தை ஒருமுறை தெளிவாகப் பார்க்கிற பாக்கி இருக்கிறது. வேம்பு எத்தனை காட்சியில் வருகிறார், எத்தனை தடவை பேச வருகிறார், அதில் எத்தனை தடவை சாம்பு காது கொடுக்கிறார் என்பதையும் அப்போது எண்ணிவிடலாம்.